எட்டடி தூரம்

இதை முதலில் என்னிடம் சொன்னது பேச்சிதான், தாயி. எங்கள் பிரசவ வார்டைக் கூட்டித் துடைக்கிற பேச்சி. போன பங்குனியில், அம்மன் கோயிலில் காப்புக் கட்டின மறுநாள். நான் விரதம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பிள்ளைத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் காதோரம் வந்தாள்.

"குருவக்கா, நம்ம வார்டுக்குப் புது நர்ஸ் போட்டிருக்காங்களாம். திருநங்கையாம்."

"யாரு சொன்னா?"

"மேட்ரன் ரூம்ல பேசிக்கிட்டாங்க. ஆர்டரே வந்திருச்சு. திங்கக்கிழமை வருது."

நான் துணியை மடித்தேன். "வேற வார்டே இல்லையாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். விரதத்தில் நான் அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் பெரியாஸ்பத்திரிக்கு மருமகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதால்தான் இதைப் பேசுகிறேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் யாரிடமும் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். அந்தத் தூக்குவாளியைக் காலுக்கு இடையில் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பத்தில் இந்த டிரைவர் ஒரு ஆட்டு ஆட்டுவார். என்ன பிள்ளை? பெண்ணா? சந்தோஷம். மருமகளிடம் காட்டினார்களா? காட்டி, அவள் வாயால் சொல்லச் சொன்னார்களா? அது முக்கியம், தாயி.

அங்கேதான் நான் இருபத்து மூன்று வருஷம் இருந்தேன். நர்ஸ் இல்லை. நர்சுக்குக் கை உதவி. படிப்பு எட்டாவதுதான். ஆனால் பிள்ளை பிறந்து, அழுது, துடைத்ததும் அதைக் கையில் ஏந்தித் தாயின் முகத்துக்கு நேராகக் காட்டுவது என் வேலை. காலை விரித்துக் காட்டுவேன். "என்ன பிள்ளை? நீயே பாத்துச் சொல்லு" என்பேன். அரை மயக்கத்தில் கிடப்பாள், தையல் வலியில் கிடப்பாள். இருந்தாலும் அவள்தான் சொல்லவேண்டும். பிறகு பிள்ளையை மாற்றிவிட்டார்கள், பையன் பிறந்தான் பொண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது இல்லையா, அதற்காக வைத்த வழக்கம். ஆண் என்றால் கத்திச் சொல்வார்கள். பெண் என்றால் சிலருக்குச் சத்தமே வராது, உதடு மட்டும் அசையும். நான் விடமாட்டேன். "கேக்கல தாயி, சத்தமாச் சொல்லு" என்பேன். சொன்ன பிறகுதான் கையில் பட்டை கட்டுவது, நோட்டில் மணி எழுதுவது எல்லாம். என் கையில் ஒரு பிள்ளை மாறினதில்லை.

அதனால் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பிறக்கும்போது பார்த்தாயிற்று, தாயே வாயால் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு மனசு எங்கே போனாலும் உடம்பு அதே உடம்புதான். இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை. என் கண்ணால் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்து வந்தது. அவர்கள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. கடைவீதியில் வந்து கை தட்டினால் நான் முகம் சுளித்ததில்லை, தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்குவேன். ஆனால் பிரசவ வார்டு வேறு. அங்கே ஒருத்தி கிடக்கிற கிடை உங்களுக்குத் தெரியும். புருஷனைக் கூட உள்ளே விடாத இடம். அங்கே பெண்தான் வரவேண்டும் என்று நினைத்தது ஒரு தப்பா?

மேட்ரனிடம் போனேன். "அம்மா, தாய்மாருக்குக் கூச்சமா இருக்காதா? அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போடலாம்ல?" என்றேன். மேட்ரன் நோட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆர்டர் சென்னையில இருந்து வருது குருவம்மா. அங்க போய்க் கேளு" என்றார். அடுத்த நாள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். புதுசாக வருகிறவரை மரியாதையாக நடத்துவேன் என்று. நானும் போட்டேன். மரியாதை குறைத்து நடத்துகிற ஆளா நான்?

திங்கட்கிழமை வந்தார். தமயந்தி என்று பேர். நல்ல உயரம், முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். வார்டுக்குள் வந்ததும் என்னைப் பார்த்து, "அக்கா, இங்க டீ எத்தனை மணிக்கு வரும்? அது தெரிஞ்சாத்தான் எனக்கு மத்த வேலை ஓடும்" என்றார். பேச்சி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சொல்லப்போனால். "பத்தரைக்கு" என்றேன்.

வேலை சுத்தம். அதை நான் மறைக்கமாட்டேன். ஊசி போட்டால் பிள்ளை அழாது. பால் கட்டிக்கொண்டு துடிக்கிற பிள்ளை பெற்றவர்களைத் திட்டித் திட்டியே சரிப்படுத்திவிடுவார். "ஏ, கழுத்தை ஒடிச்சுக்கிட்டு உட்காந்தா பால் எப்படி வரும்? ராணி மாதிரி உட்காரு" என்பார். எனக்கு முதுகுவலி என்று நான் சொல்லவே இல்லை. குனிந்து வாளி தூக்கும்போது பார்த்திருக்கிறார் போல. மறுநாள் மாத்திரையை மேசையில் வைத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம். வெறும் வயித்துல போட்டுட்டு எம்மேல பழியப் போடாதீங்க" என்றார்.

நர்சுகள் டூட்டி அறையில்தான் நாங்களும் சேலை மாற்றிக்கொள்வோம். அவர் வந்த நாளில் இருந்து நான் துணி வைக்கிற அறையில் போய் மாற்றினேன். ஒரு வாரம் போனது. பிறகு பார்த்தால் அவர் வீட்டில் இருந்தே யூனிபாரம் போட்டு, மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார். சித்திரை வெயிலில் சால்வை. நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நான் மறுபடி டூட்டி அறைக்கு வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் என்னால் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றால் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், உங்களுக்கே தெரியும். எங்கள் வார்டின் இன்னொரு நர்சை ஜெசிந்தா சிஸ்டர் என்பேன். ஆண் நர்ஸ் என்றால் பிரதர். நான் அவரைப் பிரதர் என்று கூப்பிடவில்லை, அவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை. சிஸ்டர் என்றும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பேன். "ஏழாம் நம்பர் பெட்ல கூப்பிடுறாங்க" என்பேன். பக்கத்தில் போய் நின்று பேசுவேன். என்னையும் அறியாமல் கூப்பிடாமலே வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒரு நாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதைப் பேச்சியே சொல்வாள்.

வைகாசியில் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே எடுத்தார்.

"குருவக்கா, எம் பேரு 'இங்க பாருங்க' இல்ல."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "கோவிச்சுக்காதீங்க. எம் மனசுக்குப் பொய்னு படுறத என் வாயால சொல்ல வராது. மத்தபடி உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன். உள்ளதைச் சொன்னேன்.

"ஜெசிந்தா சிஸ்டர் உங்க கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல."

"வாய் நிறையக் கூப்பிடுறீங்களே. அது பொய் இல்லையா?"

பேச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததால் நான் நினைத்தது தப்பு என்று ஆகிவிடுமா, சொல்லுங்கள். எட்டாவது படித்தவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியாது.

அவர் டீயை ஆற்றினார். பிறகு, "சரி விடுங்க. கூப்பிடாட்டிப் போங்க. வார்டுல ஒண்ணுன்னா மட்டும் கத்திக் கூப்பிட்டிரணும். அப்ப எந்தப் பேரா இருந்தாலும் பரவாயில்ல. சரியா?" என்றார்.

"சரி" என்றேன்.

அந்தச் சரியை நான் சொன்னேன், தாயி. அம்மன் படத்துக்கு நேராக நின்றுதான் சொன்னேன். டீ வைக்கிற மேசைக்கு மேலேதான் அந்தப் படம் மாட்டியிருக்கும்.

நடுவில் ஷமீமா என்று ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயசு. தையல் பார்க்கத் தமயந்தி போனதும் காலை இறுக்கிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க வேற சிஸ்டரை வரச் சொல்லுங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று அழுதாள். நான் சொன்னதுதானே இது? அவளை யார் கேட்டார்கள்? சென்னையில் யாராவது கேட்டார்களா? நான் வெளியே வந்து தமயந்தியிடம் சொல்ல வாயெடுக்கும் முன்னால் அவரே, "ஜெசிந்தாவ அனுப்பிட்டேன். நீங்க அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்படியே ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. யாருக்காவது கூச்சம் என்று தெரிந்தால் அவர் ஒதுங்கிக்கொள்வார், ஜெசிந்தா சிஸ்டர் போவார். கூச்சப்படாதவர்கள்தான் நிறையப் பேர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு ஷமீமா இருந்தாலும் இருக்கிறாள்தானே.

ஆடி போயிற்று. ஆவணி வந்தது.

இப்போது சொல்லப்போவதைப் பல தடவை சொல்லியாகிவிட்டது. மேட்ரனிடம், டாக்டர்களிடம், விசாரணைக்கு வந்த அம்மாவிடம். எழுதியும் கொடுத்தேன். சொல்லிச் சொல்லி வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல் ஆகிவிட்டது. அழுகை வருமோ என்று பயப்படாதீர்கள், வராது.

வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. ஒன்பதாம் நம்பர் கட்டிலில் வேலுத்தாய். இருபது வயசு, முதல் பிரசவம். காலை ஏழரைக்குப் பெண் பிள்ளை. நான்தான் காட்டினேன். உதட்டை அசைத்தாள், சத்தமாகச் சொல்ல வைத்தேன். "பொண்ணு" என்றாள். மாமியார் வாசலில் நின்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மாதான் கூட இருந்தது. அந்த அம்மாவும் அந்த நேரம் துணி அலசக் குழாயடிக்குப் போயிருந்தது. ஜெசிந்தா சிஸ்டர் மருந்து வாங்கக் கீழே ஸ்டோருக்குப் போயிருந்தார். தமயந்தி எதிர்வரிசை மூன்றாம் கட்டிலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெண்ணுக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தார். எட்டடி. பிறகு அளந்தார்கள். எட்டடிதான்.

நான் போர்வையை விலக்கினேன். துணி முழுக்க நனைந்து, விரிப்பு நனைந்து, ரத்தம் கட்டில் காலில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலுத்தாய் வெளிறிப்போய், "அக்கா, குளிருது" என்றாள்.

அந்த நேரம் என்ன செய்யவேண்டும் என்று அங்கே ஒரு நாள் வேலை பார்த்தவளுக்குக் கூடத் தெரியும். சிஸ்டர் என்று ஒரு சத்தம் போடவேண்டும். யார் எங்கே நின்றாலும் ஓடி வருவார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன்.

வாயைத் திறந்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

வேண்டும் என்று செய்யவில்லை. அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், வேண்டும் என்று செய்தாயா என்று. இல்லை. கூப்பிடாமல் கூப்பிடாமல் பழகின வாய். வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், 'ஓடியாங்க' என்று கத்தியிருக்கலாம், ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் கிடந்த இரண்டு துணியை எடுத்து வைத்து, "அசையாத தாயி, இந்தா வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி ஜெசிந்தா சிஸ்டரைக் கூப்பிட ஓடினேன். ஸ்டோரில் கூட்டம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு எனக்குக் கொடுத்த மெமோவில் ஏழு என்று எழுதியிருக்கிறது.

மேலே வரும்போது தமயந்தி கட்டிலில் ஒரு முட்டியை ஊன்றி, இரண்டு கையாலும் வேலுத்தாய் அடிவயிற்றை அமுக்கிப் பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரை ரத்தம். துணி அலசிவிட்டு வந்த தாய்க்காரி போட்ட சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா என்ன சத்தம் போட்டது என்று கேட்டேன் பிறகு. "சிஸ்டர்னு கத்துனேன், வேறென்ன கத்துவேன்" என்றது.

தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. "குருவக்கா, காலைத் தூக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். டாக்டர் வந்தார். அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

முன்னமே பார்த்திருந்தாலும் எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அந்த அம்மா நல்ல டாக்டர். இதை நான் கேட்காமலேயே சொன்னார். அந்த வார்த்தையை நான் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். பிறகு ஒரு நாள் துணி அறையில் தமயந்தி மட்டும் இருந்தார். கேட்டேன். "நான் உடனே கூப்பிட்டிருந்தா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "தெரியலக்கா" என்றார்.

டாக்டர் சொன்னதும் அதேதான். ஆனால் இரண்டும் ஒன்றாகக் கேட்கவில்லை எனக்கு.

வேலுத்தாய் பதினோரு நாள் வார்டில் இருந்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மாமியார் வந்தது. பிள்ளையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "ஒத்தப் பொட்டப்பிள்ளையோட எல்லாம் முடிஞ்சுபோச்சு. கர்ப்பப்பை இல்லாதவள வச்சு எம் மகன் என்ன பண்ணுவான்? இவளும் இனி அரைப் பொம்பளைதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனது. வேலுத்தாய் அழவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் துணி மாற்றப் போனபோது என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அப்ப நான் பொம்பளை இல்லையா?"

எனக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ. அன்றைக்கு வராத பேச்சு எல்லாம் வந்தது. "அட பைத்தியம். உங்க அம்மாவுக்கு நீ இதே வார்டுலதான பிறந்த? அன்னைக்கு உன்னையக் கையில ஏந்திக் காட்டினது நானாத்தான் இருக்கும். உங்க அம்மா வாயாலயே சொன்னா, பொண்ணுன்னு. அன்னைக்குச் சொன்னதை இனிமே யாரு மாத்த முடியும்? எதை எடுத்தாலும் எதை வெட்டினாலும் மாறாது தாயி. பிறக்கும்போது பாத்துச் சொன்னது சொன்னதுதான். சாகுற வரைக்கும் நீ பொம்பளைதான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நல்ல அழுகை. அழட்டும் என்று விட்டேன். மனசு கொஞ்சம் நிறைந்த மாதிரி இருந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு.

நிமிர்ந்தால், பக்கத்துக் கட்டிலில் தமயந்தி. பி.பி. பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கும். பட்டையைச் சுருட்டி முடித்து, விரித்து, மறுபடி முதலில் இருந்து சுருட்டினார். வேலுத்தாயிடம் வந்து, "ஏ, அழுதது போதும். பிள்ளை முழிச்சிருச்சு பாரு. ராணி மாதிரி உட்காரு" என்றார்.

நான் அவருக்காகச் சொன்ன பேச்சு இல்லை அது. அந்தப் பிள்ளைக்காகச் சொன்னது. அது உண்மையும்தான். உண்மையைச் சொன்னால் ஒருத்திக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு... என்னமோ. இதற்கு மேல் எனக்கு யோசிக்க வரவில்லை.

விசாரணை வைத்தார்கள். 'அவசர நேரத்தில் எட்டடி தூரத்தில் இருந்த செவிலியரை ஏன் அழைக்கவில்லை?' என்று மெமோ. ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "அக்கா, அவ அங்க நின்னதையே நான் பாக்கலன்னு எழுதிக் குடுங்க. மீதிய நாங்க பாத்துக்கிறோம். அந்த ஒம்போதுக்காக நீங்க ஏன்..." என்று ஆரம்பித்தார். "தம்பி, அந்த வார்த்தை எங்க வீட்டுல வேண்டாம்" என்றேன். முகம் சுருங்கிப் போனார். தமயந்தி நின்றதைப் பார்த்தேன், கூப்பிட எனக்கு வாய் வரவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பொய் வரவில்லை என்பதற்காகத்தானே இவ்வளவும்.

தமயந்தியும் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'நான் மூன்றாம் கட்டிலில் நின்றேன். குருவம்மாள் என்னை அழைக்கவில்லை. திரும்பி வந்ததும் சொன்ன வேலையைச் செய்தார்.' மூன்றே வரி. கூடக் குறைய ஒரு சொல் இல்லை. சால்வை பற்றி எழுதவில்லை. வேலுத்தாயிடம் நான் சொன்னதைப் பற்றி எழுதவில்லை. வைகாசியில் நான் சொன்ன சரியைப் பற்றியும் எழுதவில்லை. அதை மட்டும் எழுதியிருந்தால் என் வேலையே போயிருக்கும் என்று பேச்சி சொல்கிறாள். இருக்கலாம்.

மகள் போனில், "ஒரு வார்த்தைதானம்மா, சொல்லிட்டுப் போனா என்னவாம்?" என்றாள். மகன் கோயம்புத்தூரில் இருந்து, "நீ செஞ்சதுதான் சரி, விட்டுக்குடுக்காத" என்றான். இரண்டு பேரும் என் மேல் உயிராக இருக்கிற பிள்ளைகள்தான். இரண்டு பேரும் வேலுத்தாயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஐப்பசியில் என்னை இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நீங்கள் ஏறின இடத்துக்கு முந்தின ஊர். இங்கே பிரசவமே கிடையாது. காய்ச்சல், நாய்க்கடி, சர்க்கரை மாத்திரை. வரிசையில் நிற்கச் சொல்வது என் வேலை. யாரும் என்னைத் திட்டவில்லை, நல்ல மனுஷர்கள். ஒரே ஒரு நர்ஸ், பெண். முதல் நாள் அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அவரைக் கூட எனக்குக் கூப்பிட வரவில்லை, தாயி. பக்கத்தில் போய் நின்றுதான் சொல்கிறேன். காது கேட்காதவள் என்று நினைத்துக்கொண்டு அவர் என்னிடம் சத்தம் போட்டுப் பேசுகிறார்.

சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறேன். நிற்கிறேன். முன்னெல்லாம் பிறந்த பிள்ளைகள் பேரை எல்லாம் சொல்லி வேண்டிக்கொள்வேன். இப்போது நிற்கிறேன், அவ்வளவுதான். திரி எரிகிறது. வேலுத்தாயைப் புருஷன் கூட்டிக்கொண்டு போனானா என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. தப்புச் செய்தேனா என்று கேட்டால் நினைத்தது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த ரத்தம் கட்டில் காலில் இறங்கினதும் நான் பார்த்ததுதான். அதையும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்.

பாலம் வந்துவிட்டதா? அடுத்தது என் ஸ்டாப். நீங்கள் அதற்கு அடுத்தது, ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இந்தச் சாவி. முந்தானையில் முடிந்து இரண்டு மாசமாக என்னோடே இருக்கிறது. மாற்றின அன்றைக்கு அவசரத்தில் கொண்டுவந்துவிட்டேன். துணி அறையில் மரப் பீரோ ஒன்று இருக்கிறது, அதன் சாவி. உள்ளே பழைய நூல் சேலை எல்லாம் துவைத்துக் கிழித்து அடுக்கி வைத்திருக்கிறேன். பிறந்த பிள்ளையைச் சுற்ற அதுதான் இதம். ஆஸ்பத்திரித் துணி மொடமொடவென்று இருக்கும், பிள்ளைக்கு உறுத்தும். வீடு வீடாகக் கேட்டு வாங்கினது. மார்கழி பிறந்துவிட்டது, குளிரும். பூட்டை உடைக்கவும் மனசு வராமல் விட்டு வைத்திருக்கிறார்களாம், பேச்சி சொன்னாள். யார் உடைக்கவிடவில்லை என்று நான் கேட்கவில்லை.

மாடி ஏறி இடது பக்கம். மருமகள் கட்டிலுக்குப் போகும் வழிதான். தமயந்தி சிஸ்டர் எங்கே என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் காட்டுவார்கள். நீங்கள் கேட்கலாம், உங்களுக்கு வரும். பேச்சியிடம் கொடுக்கவேண்டாம், மேட்ரனிடம் வேண்டாம். அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தாயி.